வேலையை விட்டால் மூன்று வருடம் விவசாயப் பக்கமே தலைகாட்டக் கூடாதா?

கேள்வி:

அக்கா, எனக்கு 29 வயது, ஊர் களுவாஞ்சிகுடி. கிருமிநாசினி, களைநாசினி விற்கும் ஒரு கொம்பனியில் நாலு வருடம் எட்டு மாதமாக ரெப் (விற்பனைப் பிரதிநிதி) வேலை செய்கிறேன். ஆரையம்பதியிலிருந்து கல்லாறு வரைக்கும், படுவான்கரையில் கொக்கட்டிச்சோலை, மண்டூர், வெல்லாவெளி எல்லாம் என்னுடைய ரூட். இப்போது இன்னொரு கொம்பனி அதே ரூட்டுக்குக் கூப்பிடுகிறது, சம்பளமும் கூட. ஆனால் நான் சேரும்போது கொழும்பில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், விலகினால் மூன்று வருடத்துக்கு இலங்கை முழுவதும் விவசாயத்தோடு சம்பந்தப்பட்ட எந்தத் தொழிலும் செய்யக்கூடாது, மீறினால் 15 லட்சம் கட்டவேண்டும் என்று 17ஆம் வாசகத்தில் இருக்கிறது. ஓ.எல்., ஏ.எல். மூலச் சான்றிதழ்களையும் தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட ஒரு காசோலையையும் அவர்கள்தான் வைத்திருக்கிறார்கள். ஆசிரியராக இருக்கும் மாமா பிணைக் கையெழுத்து வைத்தவர். யூடியூபில் ஒரு வக்கீல், 27ஆம் பிரிவின்படி இப்படியான ஒப்பந்தம் செல்லவே செல்லாது என்கிறார். நம்பி வேலையை விடலாமா? மாமாவின் சம்பளத்தில் பிடிப்பார்களா?

பதில்:

தம்பி, நீங்கள் அனுப்பிய ஐந்து பக்கத்தையும் இரண்டு தடவை வாசித்தேன். முதலில் நேரே பதில் சொல்லிவிடுகிறேன்: அந்த 17ஆம் வாசகம் எழுதியிருக்கிறபடி முழுசாக நீதிமன்றத்தில் நிற்பது மிகவும் கடினம். ஆனால் அது செல்லாது என்ற தைரியத்தில் நாளைக்கே புதுக் கொம்பனியின் விலைப்பட்டியலோடு பழைய கடைகளுக்குள் போய் நின்றீர்கள் என்றால் வழக்கு வரலாம், அதில் நீங்கள் தோற்கவும் கூடும். இதைவிட எனக்குப் பெரிய கவலையாக இருப்பது நீங்கள் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன அந்தக் காசோலை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

யூடியூப் வக்கீல் சொன்னது பொய் இல்லை, ஆனால் அது உங்களுக்கு உரியதில்லை. அவர் சொல்வது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கிற ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்று அங்கே எழுத்திலேயே இருக்கிறது. இலங்கையில் அப்படி ஒரு சட்டப்பிரிவு கிடையாது. நம் பிள்ளைகள் சட்டம் தேடினால் தமிழில் கிடைப்பது முக்கால்வாசி தமிழ்நாட்டு வீடியோதான், அதைப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்து பிரிவு நம்பர் சொல்கிறவர்களை மாதம் ஒருவரையாவது காண்கிறேன். அதேபோல 2024இல் அமெரிக்காவில் இதைத் தடைசெய்துவிட்டார்கள் என்றும் ஒரு செய்தி சுற்றியது. அங்கே மத்திய வர்த்தக ஆணைக்குழு ஏப்ரலில் அப்படி ஒரு விதி கொண்டுவந்தது உண்மை, ஆகஸ்ட்டில் டெக்சஸ் நீதிமன்றம் அதைத் தூக்கிவிட்டது. எப்படியானாலும் மட்டக்களப்புக்கு அது ஒட்டாது.

எங்கள் ஒப்பந்தச் சட்டத்தின் அடி, ஒல்லாந்தர் காலத்தில் இங்கே வந்த உரோமன் டச்சுச் சட்டம். வழக்கு நடக்கும்போது ஆங்கிலத் தீர்ப்புகளையும் தென்னாபிரிக்கத் தீர்ப்புகளையும் இரண்டு பக்கச் சட்டத்தரணிகளும் எடுத்துக்காட்டுவார்கள், அதில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலச் சட்டத்தில் 1894ஆம் ஆண்டு நோர்டன்ஃபெல்ட் வழக்கிலிருந்து வருகிற அடிப்படை என்னவென்றால், தொழிலைத் தடுக்கிற வாசகம் முதல் பார்வையிலேயே செல்லாது, அது நியாயமானது என்று காட்டவேண்டியது முதலாளியின் பொறுப்பு. தென்னாபிரிக்காவில் 1984இல் மக்னா அலாய்ஸ் வழக்கில் அந்தச் சுமையைத் திருப்பிவிட்டார்கள்: கையெழுத்து வைத்தால் ஒப்பந்தம் செல்லும், அது பொதுநலனுக்கு விரோதம் என்று காட்டவேண்டியது விலகிப்போகிறவர். நான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வது, சுமை உங்கள் தலையில்தான் இருக்கிறது என்று நினைத்தே ஆயத்தமாகுங்கள், மாறி முதலாளி தலையில் விழுந்தால் அது உங்களுக்கு லாபம்.

சுமை எவர் தலையில் இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். பாதுகாக்க வேண்டிய நியாயமான ஏதோ ஒன்று முதலாளியிடம் இருக்கிறதா, அதைப் பாதுகாக்கத் தேவையான அளவுக்கு மட்டும்தான் அந்த வாசகம் போகிறதா? போட்டியே வரக்கூடாது என்பது நியாயமான காரணமாக எடுபடாது. கொம்பனியின் இரகசியம், வாடிக்கையாளரோடு கொம்பனி செலவில் உண்டான உறவு, இந்த இரண்டும் எடுபடும்.

நோர்டன்ஃபெல்ட் வழக்கைப் பெயர் சொல்லிவிட்டேன், அதை வைத்து உங்கள் முகாமையாளரும் பயமுறுத்தலாம், ஏனென்றால் அதில் 25 வருடத்துக்கு உலகம் முழுவதும் போட்ட தடையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த மனிதர் சம்பளத்துக்கு வேலைசெய்த ரெப் இல்லை. துப்பாக்கியும் வெடிமருந்தும் செய்யும் தன் வியாபாரத்தையே 287,500 பவுணுக்கு விற்றவர். வியாபாரத்தை விற்றுக் காசை வாங்கிப் பையில் போட்டவர் அதே வியாபாரத்தைப் பக்கத்தில் தொடங்கக்கூடாது என்பது வேறு, மாதச் சம்பளக்காரனை வீட்டில் இரு என்பது வேறு. இந்த இரண்டையும் நீதிமன்றங்கள் ஒரே தராசில் வைப்பதில்லை.

உங்களுக்குக் கிட்ட வருவது 1916இல், அப்போது இங்கிலாந்தின் அதியுயர் நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த ஹெர்பர்ட் மொரிஸ் வழக்கு. பாரம் தூக்கும் இயந்திரம் செய்யும் கொம்பனியில் சின்ன வயதிலிருந்து வேலை பழகி வளர்ந்த ஒரு பொறியியலாளரை ஏழு வருடத்துக்கு அந்த நாட்டிலேயே அந்தத் தொழில் செய்யக்கூடாது என்று கட்டிப்போட்டிருந்தார்கள். செல்லாது என்றார்கள். வேலையிலிருந்து ஒருவன் கற்றுக்கொண்ட திறமையும் அனுபவமும் அவனுடைய சொத்து, முதலாளி அதைப் பறிக்கமுடியாது. ஆகவே அறக்கொட்டியான் பூச்சி விழுந்த வயலுக்கு எதை அடிக்கவேண்டும், நெற்சப்பிக் களைக்கு எந்தக் கட்டத்தில் களைநாசினி கொடுத்தால் பயிர் கருகாது, மண்டூர் வட்டையில் எந்தப் போகத்துக்கு எப்போது விதைப்பு, எந்தக் கடைக்காரர் சொன்ன தேதிக்குக் காசு தருவார் என்று நாலரை வருடமாக வெயிலில் மோட்டார் சைக்கிள் ஓடி உங்கள் தலைக்குள் ஏறியது எல்லாம் உங்களுடையது. அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போ என்று எந்தக் கட்டளையும் வராது.

இன்னொரு வழக்கு உங்கள் கதையையே எழுதியதுபோல இருக்கும். இங்கிலாந்தில் 1956இல், கடனுக்குத் துணி விற்று வீடுவீடாகப் போய்க் காசு சேர்க்கும் ஒரு விற்பனையாளர். விலகினால் ஐந்து வருடத்துக்கு அந்த வாடிக்கையாளர்களிடம் போகக்கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். அவர் அந்த வேலைக்கு வரும்போதே ஒருதொகை வாடிக்கையாளரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு வந்தவர், அந்த நிலையில் உள்ள ஒரு மனிதனுக்கு ஐந்து வருடம் அதிகம் என்று நீதிமன்றம் தடையை ஏற்கவில்லை. நீங்களும் வேலைக்குச் சேரமுன் வெல்லாவெளியில் பெரியப்பாவின் உரக்கடையில் நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்தப் பக்கத்துப் போடியார்களும் (பெரிய வயற்காரர்) வட்டவிதானைமாரும் (வயற்கண்டங்களுக்குப் பொறுப்பானவர்கள்) உங்களுக்குக் கொம்பனி அறிமுகம் செய்தவர்களா, நீங்கள் கொம்பனிக்கு அறிமுகம் செய்தவர்களா? இதை இப்போதே யோசித்து, சேரமுன் உங்களுக்குத் தெரிந்த கடைகள் எவை, சேர்ந்தபிறகு பிடித்தவை எவை என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். வழக்கு என்று வந்தால் முதலில் நான் கேட்கப்போவது இதைத்தான்.

இனி உங்களுக்குப் பிடிக்காத பக்கம். நீங்கள் படம் எடுத்து அனுப்பிய அந்தச் சிவப்பு மட்டைக் கொப்பி. இடதுபக்கத்தில் கடைப் பெயர், நடுவில் பெரும்போகத்துக்கு எத்தனை பெட்டி எடுத்தார்கள், வலதுபக்கத்தில் எத்தனை வீதம் கழிவு கொடுத்தோம், எத்தனை நாள் தவணை, கடைசிக் கோட்டில் பென்சிலால் நிலுவை. நீங்கள் அதைப் பெருமையோடுதான் அனுப்பினீர்கள், நாலரை வருட உழைப்பு என்று, எனக்கும் விளங்குகிறது. ஆனால் தம்பி, அந்தக் கழிவு வீதமும் தவணையும் நிலுவையும் கொம்பனியின் கணக்கு. கொப்பி கிழக்கு மாகாணத்தில் எந்தப் புத்தகக் கடையில் உங்கள் காசில் வாங்கியதாக இருந்தாலும் உள்ளே இருப்பது அவர்களுடையது. 1895இல் இங்கிலாந்தில் பறவைப் பண்ணை ஒன்றின் முகாமையாளர், விலகமுன் கட்டளைப் புத்தகத்திலிருந்து வாடிக்கையாளர் பெயர்களை எழுதி எடுத்துக்கொண்டு போய்ச் சொந்தமாகப் பண்ணை தொடங்கினார். அவர்மேல் தீர்ப்பு வந்தது. இத்தனைக்கும் போட்டித் தடை வாசகம் எதுவும் அவர் கையெழுத்து வைத்திருக்கவில்லை, வேலையில் இருக்கும்போது முதலாளிக்கு நேர்மையாக இருக்கவேண்டும் என்ற கடமையை மீறியதே போதுமாக இருந்தது. இங்கேயும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 160ஆம் பிரிவு, வெளியிடப்படாத வியாபாரத் தகவலை நேர்மையில்லாமல் எடுத்துப் பாவிப்பதைத் தடுக்கிறது. 17ஆம் வாசகம் நாளைக்கே செல்லாது என்று தீர்ந்தாலும் அந்தக் கொப்பி உங்களைப் பிடிக்கும்.

ஆகவே கொப்பியைப் புதுக் கொம்பனிக்குக் காட்டவேண்டாம், படம் அனுப்பவேண்டாம், ஏற்கனவே அனுப்பியிருந்தால் எனக்கு மறைக்காமல் சொல்லுங்கள். விலகும் நாளில் கொப்பி, விலைப்பட்டியல், பில் புத்தகம், கொம்பனி சிம் எல்லாவற்றையும் ஒரு பட்டியல் எழுதி ஒப்படைத்து, அந்தப் பட்டியலின் பிரதியில் கையெழுத்து வாங்குங்கள்.

சரி, இப்போது வாசகத்தின் அளவைப் பார்ப்போம். உங்கள் ரூட் மட்டக்களப்பின் தெற்குப் பக்கம், தடை இலங்கை முழுவதும். மொனராகலையிலும் அனுராதபுரத்திலும் உங்களுக்கு ஒரு கடைக்காரரையும் தெரியாதே, அங்கே நீங்கள் வேலைசெய்வதால் இந்தக் கொம்பனிக்கு என்ன நட்டம்? நீங்கள் விற்றது கிருமிநாசினி, தடை “விவசாயத்தோடு சம்பந்தப்பட்ட எந்தத் தொழிலும்”. அந்தச் சொல்லுக்குள் அரிசி ஆலையும் வரும், உழவு இயந்திரம் திருத்துவதும் வரும், உங்கள் அப்பாவின் வயலில் நீங்கள் இறங்கி வேளாண்மை செய்வதும் வரும். காலம் மூன்று வருடம், அதாவது ஆறு போகம். இந்த வியாபாரத்தில் கொடுக்கல் வாங்கல் போகத்துக்குப் போகம் புதுப்பிக்கப்படுவது, விதைப்புக்குக் கொடுத்த கடன் வெட்டு முடிய வரும், விலையும் கழிவும் அடுத்த போகத்தில் மாறிவிடும். புதிய ரெப் ஒருவர் வந்து கடைக்காரர்களோடு பழகுவதற்கு ஒரு பெரும்போகமும் ஒரு சிறுபோகமும் போதும் என்றுதான் நான் வாதாடுவேன். 2021இல் இரசாயனப் பசளையும் கிருமிநாசினியும் இறக்குமதி நின்ற நேரத்தில் எத்தனை கடைக்காரர் கொம்பனி மாறினார்கள் என்று உங்களுக்கே தெரியும், அந்த உறவு அவ்வளவு நிலையானதும் இல்லை.

இடமும் தொழிலும் காலமும் மூன்றுமே அளவுக்கு மிஞ்சிப் போயிருக்கிறது, அதனால்தான் முழுசாக நிற்பது கடினம் என்றேன். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஆங்கில முறையில் நீதிமன்றம் மிஞ்சிய சொற்களை வெட்டிப் பார்க்கும், மிச்சம் அர்த்தத்தோடு நின்றால் அதை அமுல்படுத்தும், புதிதாக எழுதிக் கொடுக்காது. தென்னாபிரிக்க வழியில் போனால் ஒரு பகுதியை மட்டும் அமுல்படுத்த இன்னும் கூடுதல் இடம் இருக்கிறது. ஆகவே “அதே ரூட்டில், அதே கடைகளுக்கு, ஒரு வருடத்துக்குப் போகாதே” என்ற அளவில் ஒரு தடை உத்தரவு வந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன். புதுக் கொம்பனி உங்களைக் கேட்பது சரியாக அந்த ரூட்டுக்குத்தான் என்பதை மறக்கவேண்டாம்.

அரசியலமைப்பின் 14(1)(எ) உறுப்புரையில் (ஆங்கிலப் பிரதியில் ஜி) விரும்பிய சட்டப்படியான தொழிலைச் செய்யும் சுதந்திரம் இருக்கிறதே, அடிப்படை உரிமை வழக்கு போடலாமா என்று சிலர் கேட்பார்கள். அந்த வழக்கு அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான், தனியார் கொம்பனிக்கு எதிராக இல்லை. பொதுநலன் பற்றி வாதாடும்போது அதைத் துணைக்கு எடுக்கலாம், அவ்வளவுதான்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பத்து நிமிடத்தில் கையெழுத்து வாங்கினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு விளங்காத பாஷையில் ஐந்து பக்கத்தை நீட்டுவது நல்ல வழக்கம் இல்லை. ஆனால் கையெழுத்து வைத்தவர் வாசித்து வைத்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். யாராவது தவறாக விளக்கம் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தால் கதை வேறு, அப்படி நடந்திருந்தால் யார், எங்கே, என்ன சொன்னார் என்று எழுதி வையுங்கள்.

15 லட்சம் பற்றி. மீறினால் இவ்வளவு என்று ஒரு தொகையை எழுதிவிட்டால் அது அப்படியே கிடைத்துவிடாது. 1912இல் இலங்கையிலிருந்து, அந்தக் காலத்தில் எங்கள் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சிலுக்குப் போன ஒரு தேயிலை வழக்கில் இதைப் பேசியிருக்கிறார்கள். அதில் எழுதிய தொகை நியாயமான முன்மதிப்பீடு என்று ஏற்கப்பட்டது உண்மை, ஆனால் அளந்து பார்த்தது எதை வைத்து? வரக்கூடிய நட்டத்தோடு ஒப்பிட்டால் அந்தத் தொகை மிதமிஞ்சியதா என்பதை வைத்து. உங்கள் ஒப்பந்தத்தில், நீங்கள் கொம்பனி மாறினாலும் 15 லட்சம், அரிசி ஆலையில் கணக்கு எழுதப் போனாலும் 15 லட்சம். நட்டத்தைக் கணக்குப் பார்த்து எழுதிய ஆள் அப்படி எழுதமாட்டார், அது தண்டனைக்காகப் போட்ட தொகை.

இனி அந்தக் காசோலை. தம்பி, 17ஆம் வாசகத்துக்காக நீங்கள் நித்திரை முழிக்கிறீர்கள், எனக்கு அதைவிட இதுதான் நெருடுகிறது. வாசகத்தை வைத்து வழக்குப் போட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்காளி எல்லாவற்றையும் நிரூபிக்கவேண்டும், வருடக்கணக்கில் போகும், உங்களுக்கு எதிர்த்துப் பேச இடம் இருக்கிறது. காசோலையை வைத்து வழக்குப் போட்டால், குடியியல் நடைமுறைக் கோவையின் 53ஆம் அத்தியாயத்தில் சுருக்க நடைமுறை என்று ஒன்று உண்டு, அதில் எதிர்த்து வாதாடுவதற்கே முதலில் நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கவேண்டும். தொகை எழுதாத காசோலையில் கையெழுத்து வைத்துக் கொடுத்தால், அதை நிரப்பும் அதிகாரத்தையும் கொடுத்ததாகவே முதலில் எடுத்துக்கொள்வார்கள். கொடுத்த அதிகாரத்துக்கு மிஞ்சி நிரப்பக்கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் எதற்காகக் கொடுத்தீர்கள் என்று காட்ட உங்களிடம் ஒரு துண்டு எழுத்தாவது வேண்டாமா?

அதனால் இந்தக் கிழமையே காசோலைப் புத்தகத்தின் அடித்துண்டை எடுத்து இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கொம்பனிக்கு ஒரு மரியாதையான கடிதம்: “இன்ன திகதியில், வேலைக்குச் சேரும்போது, கடன் எதுவும் இல்லாத நிலையில், தொகையும் திகதியும் எழுதாமல் பாதுகாப்புக்காக நான் தந்த இன்ன இலக்கக் காசோலையை யாருக்கும் நான் தரவேண்டிய பணத்துக்காகப் பாவிக்க அனுமதி இல்லை, திருப்பித் தரவும்.” பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டைப் பிரதியோடு பின் பண்ணி வையுங்கள். வங்கிக்கும் இதே விபரத்தோடு எழுத்தில் அறிவிக்கவேண்டும். ஆனால் கொடுப்பனவை நிறுத்தும்படி அறிவுறுத்த முதல் ஒரு சட்டத்தரணியிடம் அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள், காசோலை திரும்புவதில் குற்றவியல் பக்கமும் ஒன்று இருப்பதால் காரணம் எழுத்தில் ஒழுங்காக இருக்கவேண்டும். சேகரித்த காசில் ஏதாவது கட்டாமல் வைத்திருக்கிறீர்களா? ஐயாயிரம் என்றாலும் விலகமுதல் கட்டிப் பற்றுச்சீட்டு எடுங்கள். அந்தக் காசோலையை நிரப்ப அவர்களுக்கு ஒரு சாட்டுக் கூட இருக்கக்கூடாது.

சான்றிதழ்கள் உங்களுடையவை, அவற்றைப் பணயமாக வைத்திருக்க முதலாளிக்கு உரிமை இல்லை. அதே கடிதத்தில் அவற்றையும் கேளுங்கள். தரமறுத்தால் தொழில் திணைக்களத்தின் மட்டக்களப்பு அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்தில் மீண்டும் எடுக்கலாம் என்பதால் இதை வைத்து உங்களை அவர்கள் நிறுத்திவைக்க முடியாது, பதறவேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று சொல்கிறேன். நாலு வருடம் எட்டு மாதம் என்றீர்கள். இன்னும் நாலு மாதம் பொறுத்தால் ஐந்து வருடம் பூர்த்தி. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவர் தானாக விலகினாலும் ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கிடைக்கவேண்டும், விலகி 30 நாளுக்குள். உங்கள் மாதச் சம்பளம் 48,000 என்று பார்த்தால் 24,000 படி ஐந்து வருடத்துக்கு 120,000 ரூபாய். மோசடி, கையாடல், சொத்துக்கு வேண்டுமென்று சேதம் செய்தது போன்ற காரணத்துக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டால் அந்த நட்டத்தின் அளவுக்குத்தான் அதைப் பிடிக்கலாம். போட்டிக் கொம்பனிக்குப் போனதற்காகப் பிடிக்கமுடியாது. புதுக் கொம்பனி நாலு மாதம் பொறுக்குமா என்று கேட்டுப் பாருங்கள், கேட்பதில் நட்டம் இல்லை, அதற்குள் சிறுபோக நிலுவையும் சேர்ந்துவிடும். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 வீதமும் அவர்கள் பக்கத்தில் 12 வீதமும் ஒழுங்காகப் போயிருக்கிறதா என்பதையும் இந்த நாலு மாதத்துக்குள் பார்த்துவிடுங்கள்.

புதுக் கொம்பனியிடம் ஒப்பந்தத்தை மறைக்கவேண்டாம். தெரிந்துகொண்டே உங்களை ஒப்பந்தத்தை மீறச் செய்தால் அவர்கள்மேலும் வழக்கு வரும், அதனால் அவர்களுக்கும் இது தெரியவேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டு விஷயம் கேட்பேன். முதல் ஒரு வருடத்துக்கு வேறு ரூட் தாருங்கள், அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கமோ, அல்லது வடக்கே செங்கலடி, கிரான், வாழைச்சேனைப் பக்கமோ. வயல் எங்கேயும் வயல்தான், உங்கள் திறமை அங்கேயும் செல்லும், பழைய கொம்பனிக்கு வாடிக்கையாளரைப் பறித்தான் என்று சொல்ல வாய் இருக்காது. அடுத்தது, பழைய கொம்பனி வழக்குப் போட்டால் அந்தச் செலவை நாங்கள் பொறுக்கிறோம் என்று நியமனக் கடிதத்தில் எழுதித் தாருங்கள். வாயால் சொல்வதை எடுக்கவேண்டாம். எழுதித் தரத் தயங்கினால், உங்களுக்காக அவர்கள் எவ்வளவு தூரம் நிற்பார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

விலகும்போது நியமனக் கடிதத்தில் எத்தனை நாள் முன்னறிவித்தல் என்று இருக்கிறதோ அதைக் கொடுத்து, கடைசி நாள் வரை ஒழுங்காக வேலை செய்யுங்கள். அந்த நாட்களில் குருமண்வெளிப் பாதையில் (வாவியைக் கடக்கும் படகில்) ஏறி மண்டூருக்குப் போகும்போது பக்கத்தில் நிற்கிற கடைக்காரரிடம் “அடுத்த போகம் நான் வேற கொம்பனி, அங்கதான் எடுக்கணும்” என்று ஒரு சொல் சொன்னாலும் அது உங்களுக்கு எதிரான சாட்சி. விலகியபிறகு நம்பரை மாற்றிவிட்டேன் என்று சொல்லலாம், வட்ஸ்அப்பில் எல்லாக் கடைக்காரருக்கும் புதுக் கொம்பனியின் விலைப்பட்டியல் போடுவது வேண்டவே வேண்டாம். ஒருவேளை நீங்கள் விலகமுன் அவர்களே முன்னறிவித்தல் இல்லாமல் துரத்தினால், அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். முதலாளியே ஒப்பந்தத்தை முறித்து ஆளைப் பிழையாக நீக்கினால் அதே ஒப்பந்தத்தின் போட்டித் தடையைப் பிறகு பிடித்துக்கொள்ள முடியாது என்று 1909இல், விளம்பரம் ஒட்டும் ஒரு கொம்பனியின் முகாமையாளர் வழக்கில் பிரபுக்கள் சபை தீர்த்திருக்கிறது.

சட்டத்தரணி கடிதம் வந்தால் போனில் பதில் சொல்லவேண்டாம், கொண்டுவாருங்கள். நீதிமன்ற அழைப்பாணை வந்தால் திகதியைத் தவறவிடக்கூடாது, போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக விசாரித்து அவர்கள் கேட்டதைக் கொடுத்துவிடுவார்கள், நான் மேலே சொன்ன ஒரு வாதமும் பிறகு உதவாது. ஒப்பந்தம் கொழும்பில் கையெழுத்தானதால் வழக்கைக் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் போட அவர்களுக்கு வழி இருக்கிறது, அதனால் தவணைக்குத் தவணை இரவு பஸ் ஏறவேண்டி வரலாம் என்பதையும் மனதில் வையுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் கையில் இல்லை என்றால் மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள்.

மாமாவுக்கு இதைச் சொல்லுங்கள். பிணையாளியின் கடன் உங்கள் கடனைப் பிடித்து நிற்பது. நீங்கள் ஒன்றும் கட்டவேண்டியதில்லை என்றால் அவரும் கட்டவேண்டியதில்லை. கொம்பனி கல்விப் பணிமனைக்கு ஒரு கடிதம் எழுதி அவர் சம்பளத்தில் பிடிக்கமுடியாது, அவர் பெயரிலும் வழக்குப் போட்டுத் தீர்ப்பு எடுக்கவேண்டும். சம்பளத்தில் அறவிடச் சம்மதம் என்று வேறு ஏதாவது படிவத்தில் கையெழுத்து வைத்தாரா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். முதலில் கடனாளியிடம் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வரவேண்டும் என்று சொல்லும் உரிமை எங்கள் சட்டத்தில் பிணையாளிக்கு உண்டு, ஆனால் அச்சடித்த படிவங்களில் பெரும்பாலும் அதை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி இருக்கும். நீங்கள் அனுப்பியதில் மாமா கையெழுத்து வைத்த பக்கம் இல்லை. அவரிடம் பிரதி இருந்தால் அதையும், காசோலை அடித்துண்டையும், நியமனக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், இராஜினாமாக் கடிதம் எழுதமுன்.